பனிக்காலக் கணப்பு: குளிரும் போகணும், உயிரும் தங்கணும்



கார்த்திகை பிறந்தாலே நம் மலைப் பகுதியில் விடியக்காலை புல்லு மேல வெள்ளை வெளேர்னு உறைபனி படிய ஆரம்பித்துவிடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி வரைக்கும் ராத்திரிக் குளிர் எலும்பைத் துளைக்கும். தோட்ட லைன் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சாக்கால் அடைப்போம், ஜன்னல் சந்தில் பழைய பேப்பரைச் செருகுவோம், கதவுக்கு அடியில் துணியைத் திணிப்போம். பிறகு ஒரு இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டி, அதைச் சுற்றிப் பாய் விரித்துப் படுத்துவிடுவோம்.

இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம். ஒவ்வொரு பனிக்காலத்திலும் "அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் பலி" என்று எங்கேயாவது ஒரு செய்தி வருகிறது. அதில் தீ விபத்து இருக்காது. வீடு எரிந்திருக்காது. போர்வைகூடக் கருகியிருக்காது. படுத்தவர்கள் படுத்தபடியே இருப்பார்கள். ஏன் இப்படி நடக்கிறது, இதைத் தடுக்க நம்மால் என்ன முடியும் என்று பார்ப்போம்.

புகை இல்லை, அதனால் பயம் இல்லையா?

விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும். நாமே கதவைத் திறந்துவிடுவோம். கரி அப்படி இல்லை. விறகில் புகையைக் கிளப்பும் பொருட்கள் கரியாக மாறும்போதே போய்விடுகின்றன. அதனால் கரி புகையில்லாமல், கண்ணை உறுத்தாமல் கனன்றுகொண்டே இருக்கும். "நல்ல கங்கு, புகையே இல்லை" என்று தைரியமாக உள்ளே கொண்டுவருகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எந்த நெருப்புக்கும் காற்று வேண்டும். போதுமான காற்று கிடைத்தால் ஓரளவு சுத்தமாக எரியும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அதிகமாக வரும். சட்டியில் குவித்த கரி, அடைத்த அறை இரண்டும் சேர்ந்தால் இந்த வாயு தாராளமாக உண்டாகும். இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. சமையல் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று கெட்ட வாடை கலந்து அனுப்புகிறார்கள். கரியிலிருந்து வரும் வாயுவுக்கு அப்படி வாடை சேர்க்க யாரும் இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் ரத்தத்தை ஊருக்கு வரும் மினி பஸ் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் பஸ் ஸ்டாண்டில் பிராணவாயு ஏறி உட்காரும். மூளை, இதயம், கை கால் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கும். கார்பன் மோனாக்சைடு வந்தால் அந்த சீட்டை அது பிடித்துக்கொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் இறங்கவும் இறங்காது. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மூளைக்கு வேண்டிய ஆள் வந்து சேரமாட்டார்.

முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு கை கால் தளர்ந்துபோகும், தூக்கம் தூக்கமாக வரும். விழித்திருப்பவர் "என்னமோ மாதிரி இருக்குதே" என்று எழுந்து வெளியே போவார். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கண் விழித்தாலும் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் பலம் இருக்காது.

பிள்ளை பெற்ற வீட்டில் இன்னும் கவனம்

சென்ற பனிக்காலத்தில் ஒரு குழுவின் வாரக்கூட்டத்தில் இதைப் பேசினோம். மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, எங்க மாமியா காலத்துல இருந்து பிள்ளை பெத்தவ படுக்கிற ரூம்ல கங்கு வச்சுத்தான் பழக்கம். நாலு பிள்ளைய நான் அப்படித்தான் வளர்த்தேன். இப்ப மருமக பெத்து இருபது நாள்தான் ஆச்சு. பச்ச உடம்பும் பச்சக் குழந்தையும் குளிர்ல விறைக்கவா?"

நியாயமான கேள்வி. குழந்தைக்குக் கதகதப்பு அவசியம் என்பதில் அந்த அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் காலத்து வீடு வேறு. மண் சுவர், ஓட்டுச் சந்து, மூடாத கதவு என்று காற்று தானாகவே வந்து போனது. இன்றைக்கு கான்கிரீட் போட்டு, கண்ணாடி ஜன்னல் வைத்து, சந்து பொந்தெல்லாம் அடைத்திருக்கிறோம். அதே கங்குதான், ஆனால் வாயு வெளியே போக வழி இல்லை. பழைய வீட்டிலும் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. "காத்து கருப்பு அடிச்சுது" என்று சொல்லிவிட்ட சாவுகளில் எத்தனை இதனால் வந்ததோ!

அதே கூட்டத்தில் இன்னொரு சகோதரி எழுந்தார். "போன மார்கழியில ஒரு நாள் காலைல எங்க வீட்ல நாலு பேருக்கும் தலை வெடிக்கிற மாதிரி வலி. சின்னவன் வாந்தி எடுத்தான். ராத்திரி சாப்பிட்ட மீன் சரியில்லன்னு நெனச்சோம். வாசல்ல வந்து உக்காந்தோம், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுது. இப்பதான் புரியுது, அன்னைக்கு ராத்திரி சட்டிய உள்ளேயே வச்சிருந்தோம்" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மூத்த அம்மாதான் முதலில், "அப்ப குழந்தைக்கு வேற என்ன வழி, அதச் சொல்லு" என்றார்.

வழி இருக்கிறது:

• குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், இரண்டு மூன்று மெல்லிய துணிகளை அடுக்காகப் போடுங்கள். தாயின் மார்போடு மார்பாக வைத்து மேலே கம்பளி போர்த்துங்கள். ஆஸ்பத்திரியில் எடை குறைந்த குழந்தைகளுக்கு கங்காரு முறை என்று சொல்லித் தருவது இதைத்தான். குழந்தையின் முகத்தை மட்டும் மூடக்கூடாது. தாய் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் வீட்டில் இன்னொருவர் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.
• சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்குங்கள். குழந்தையைப் படுக்க வைக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள்.
• தரைக் குளிர் ஏறாமல் பாய்க்கு அடியில் சாக்கு, அதற்கு மேல் ஜமுக்காளம் விரியுங்கள்.

கர்ப்பிணிகளும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இந்த வாயு தாயின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தாய்க்கு லேசான தலைவலிதான் என்றாலும் பிள்ளைக்குப் பாதிப்பு பெரிதாக இருக்கலாம்.

சொல்வதும் உண்மையும்

"ரூம்ல ஒரு வாளி தண்ணி வச்சா விஷத்த இழுத்துக்கும்." இழுக்காது. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு.

"கங்கு மேல சாம்பல் பூத்துட்டா ஆபத்து இல்ல." சாம்பலுக்கு அடியில் கரி கனன்றுகொண்டுதான் இருக்கும். சட்டி தொட்டால் சுடுகிறது என்றால் வாயுவும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கட்டில்ல படுத்தா ஒண்ணும் ஆகாது." இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது. மேலே கீழே என்றில்லாமல் அறை முழுவதும் பரவும்.

"ஜன்னல கொஞ்சம் தொறந்து வச்சிருக்கேன்." விழித்து உட்கார்ந்து குளிர் காயும்போது ஜன்னல் திறப்பது அவசியம். ஆனால் அதை நம்பித் தூங்கக்கூடாது.

எதை எப்படிப் பராமரிப்பது?

1. கரிச்சட்டி, கணப்பு: முடிந்தவரை வாசலிலோ திண்ணையிலோ காயுங்கள். உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்றால் வெளியே மூட்டி, நன்றாகக் கனிந்த பிறகு கொண்டுவாருங்கள். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் விழித்திருக்கட்டும். படுக்கும் முன் சட்டி கட்டாயம் வெளியே போகணும். அதைக் காய்ந்த இலை, விறகுக் குவியல் பக்கம் வைக்காதீர்கள். நைலான் புடவை, துப்பட்டா முனையைச் செருகிக்கொண்டு உட்காருங்கள்.

2. விறகு அடுப்பு: சீகை, கற்பூர மர விறகைப் பச்சையாக எரித்தால் புகையும் கரியும் அதிகம். மழைக்கு முன்பே பிளந்து, நனையாத இடத்தில் அடுக்கிக் காயவையுங்கள். புகையில்லா அடுப்பு இருந்தால் புகைக்குழாயைப் பனிக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அடுப்பு ஆறியபின் நீளக் குச்சியில் துணியோ தேங்காய் நாரோ கட்டி உள்ளே விட்டு எடுத்தால் புகைக்கரி உதிரும். கரி அடைத்தால் புகை வீட்டுக்குள் திரும்பும், குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும். குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பில் விரிசல் இருந்தால் மண் குழைத்துப் பூசுங்கள்.

3. கேஸ் கீசர்: இதுவும் நெருப்புதான். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டினால் அதே வாயு உண்டாகும். கீசரை வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவருவது நல்லது. உள்ளே இருந்தால் வாளியில் தண்ணீர் பிடித்து, கீசரை நிறுத்தி, கதவைத் திறந்து காற்று மாறிய பிறகு குளியுங்கள். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தில் கரி பிடித்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள்.

4. கரண்ட் ஹீட்டர்: இதில் விஷவாயு இல்லை. ஆனால் ஷாக்கும் தீயும் உண்டு. 2,000 வாட்ஸ் ரூம் ஹீட்டர் முழுச் சூட்டில் ஓடினால் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட். லைட் போடும் சின்ன பிளக்கும் மெல்லிய ஒயரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைத் தாங்காமல் உருகும். 16 ஆம்பியர் மூன்று முனை பிளக்கில், எர்த் உள்ள இணைப்பில் மட்டும் மாட்டுங்கள். ஈரத்துணியை மேலே காயப்போடாதீர்கள். போர்வை, பாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். தண்ணீர் சூடாக்கும் ராடை, தண்ணீரில் முக்கிய பிறகே சுவிட்ச் போடுங்கள். சுவிட்சை நிறுத்தி, பிளக்கை எடுத்த பிறகே தண்ணீரைத் தொடுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக நின்றுபோகும் டிரிப் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுவது மொத்தக் குடும்பத்துக்கும் காப்பு.

ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருவருக்குத் தலைவலி என்றால் ஜலதோஷமாக இருக்கலாம். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் கணப்பைச் சந்தேகப்படுங்கள். காய்ச்சல் இருக்காது என்பதும் ஒரு அடையாளம்.

உடனே செய்ய வேண்டியவை:

• வெளியிலிருந்து கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். தனியாக உள்ளே போய் நின்றால் நீங்களும் விழலாம்.
• மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால், பயிற்சி பெற்றவர் உடனே நெஞ்சை அமுக்கி முதலுதவி தொடங்கட்டும்.
• 108ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள்.
• டாக்டரிடம் "அறைக்குள் கரி வைத்துப் படுத்திருந்தார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்கு முக்கிய வைத்தியம் பிராணவாயு. சாதாரணக் காற்றில் இருந்தால் ரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி இறங்கவே 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெளிந்துவிட்டார் என்று பாதி வழியில் திரும்பி வராதீர்கள்.

காட்டேஜில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு

நம் உறுப்பினர்களில் பலர் காட்டேஜ், ஹோம்ஸ்டேயில் துப்புரவு, சமையல் வேலைக்குப் போகிறீர்கள். சமவெளியிலிருந்து வரும் விருந்தாளிகள் வாசலில் கறி சுட்டுவிட்டு, "அக்கா, அந்தக் கரி அடுப்ப ரூம்ல கொண்டுவந்து வைங்க, குளிருது" என்பார்கள். நூறு ரூபாய் டிப்ஸும் தருவார்கள். வைக்காதீர்கள். "ரூம்ல வச்சா உசுருக்கு ஆபத்து சார், இன்னொரு கம்பளி தாரேன்" என்று சொல்லுங்கள். முதலாளியிடமும் சொல்லி வையுங்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மாதக் கூட்டத்தில்

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டிய பிறகு, கீழ்க்கண்டவற்றைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் கணப்பை உள்ளே வைத்துத் தூங்குகிறோம்? வெட்கப்படாமல் கை தூக்குவோம்.
2. கர்ப்பிணி, கைக்குழந்தை, தனியாக வாழும் முதியவர் உள்ள வீடுகள் எவை? இருவர் இருவராகப் போய்ப் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?
3. கம்பளி வாங்கவும், ஒயரிங் சரிசெய்யவும், டிரிப் சுவிட்ச் மாட்டவும் உள்கடன் கேட்டால் இந்த மூன்று மாதங்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாமா?
4. வீட்டில் பெரியவர்கள் மறுத்தால் எப்படிப் பேசுவது? மாமியாராக ஒருவரும் மருமகளாக ஒருவரும் நடித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த மூத்த அம்மாவின் வீட்டில் இப்போது சட்டி இரவு எட்டு மணிக்கே வாசலுக்குப் போய்விடுகிறதாம். "பேத்தி என் கம்பளிக்குள்ளதான் தூங்குறா" என்று அடுத்த கூட்டத்தில் சொன்னார். உங்கள் வீட்டுச் சட்டி இன்று ராத்திரி எங்கே இருக்கப் போகிறது? படுக்கும் முன் ஒருமுறை எழுந்து பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.