ஜாப் ஷீட் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. உடனே பதில் எழுதாமற்போனது அசிரத்தையினால் அன்று. நீ எழுதியிருந்த விஷயம், முப்பது வருஷமாக இதே தொழிலில் ஜீவனம் நடத்திவரும் என் மனத்தில் ஆறாமல் கிடந்த ஒன்றைக் கிளறிவிட்டது. திரை அணைந்து அணைந்து எரிகிறதென்று ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியை இரண்டு முறை கொண்டுவந்தாள் என்றும், இரண்டு முறையும் நீ அதை மேஜைமேல் வைத்து மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் குறை ஏதும் காணப்படவில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாய் என்றும், மூன்றாம் முறை வந்தபோது அவள் சண்டை ஏதும் போடாமல் கணினியை உன் முன்னே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள் என்றும், அதுமுதல் இந்த உத்தியோகமே வேண்டாமென்று தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். உத்தியோகத்தை விடுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் எனக்கு நேர்ந்ததைக் கேள்.

2004ஆம் வருஷம், தை மாதம். நான் அப்போது, இன்று நீ இருப்பதைப் போலவே, ஒரு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். விழுப்புரத்தில் டி.டி.பி. சென்டர் நடத்திவந்த ஓர் அம்மாள், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த அந்த முகூர்த்த காலத்தில், சி.பி.யு. பெட்டியைப் பழைய போர்வை ஒன்றில் சுற்றிப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே சென்னைக்கு வந்து சேர்ந்தார். "காலையில முதல் தடவை போட்டா எழும்பவே மாட்டேங்குது சார், நாலஞ்சு தடவை போட்டுப் போட்டு எடுத்தா, அப்புறம் ராத்திரி வரைக்கும் ஓடுது" என்றார். நான் ஜாப் ஷீட்டில் 'பவர் ஆன் ஆகவில்லை' என்று எழுதினேன். மத்தியான வெயிலில் பிரயாணம் செய்து வந்த பெட்டி. மின்சாரம் கொடுத்ததும் எழும்பிற்று. சாயங்காலம் வரையில் ஓடிற்று. குறை காணப்படவில்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார்; மறுபடியும் அதே வாசகம், அதே கையெழுத்து.

மூன்றாம் முறை அவர் வந்தபோது கவுண்டரில் இருந்தவர் எங்கள் சீனியர். 'காலையில மட்டும்' என்ற சொல் காதில் விழுந்தமாத்திரத்தில் அவர் வேறொன்றும் கேளாமல் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மதர்போர்டைக் காட்டினார். பிராஸஸருக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனியளவு உயரத்தில் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்குமே, தட்டையாக இருக்கவேண்டிய அவற்றின் தலைகளில் மூன்று, எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பியிருந்தன. ஒன்றின் உச்சியில் சிலுவைபோல் கீறியிருக்கும் கோட்டின் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து, காய்ந்த பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்திருக்கும் வேளையில் அப்படிப்பட்ட கெப்பாசிட்டரின் உள்தடை மிகுந்துவிடுகிறபடியால், கணினி எழும்புவதற்கு வேண்டிய சீரான மின்சாரத்தை அது தரமாட்டாது. நாலைந்து முறை போட்டுச் சற்றே சூடேறினால் தடை குறைந்து வேலை செய்யத் தொடங்கும். மார்கழி தைப் பனியில் இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டி காலையில் எழும்பாததற்கும், வெயிலில் வந்த பெட்டி என் மேஜைமேல் உடனே எழும்பியதற்கும் காரணம் அதுதான். நோயையும் அதன் வேளையையும் அந்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார். நான்தான் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டேன். அந்த முகூர்த்த காலத்தில் எத்தனை பத்திரிகை வேலை அவர் கைவிட்டுப் போயிற்றோ, அதைக் கேட்கும் தைரியம் எனக்கு அன்று வரவில்லை.

அது அந்த ஒரு பெட்டியின் வியாதியும் அன்று. 1999ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட சில வருஷங்களில், முக்கியமாகத் தைவானில் தயாரான சில வகைக் கெப்பாசிட்டர்களில், உள்ளே ஊற்றும் திரவத்தின் சேர்மானம் சரியில்லாமல் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, உலகமெங்கும் கணினிகள் இப்படியே உப்பியும் வெடித்தும் போயின. டெல் கம்பெனி 2003 முதல் 2005 வரையில் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளிலும் கெப்பாசிட்டர்கள் பழுதாகி, 2005இல் அதற்காக 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அதன் தொடர்பான ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளிவந்தபோது, அந்தக் கணினிகள் பழுதாகக் கூடியவை என்பதை அங்கே உத்தியோகம் பார்த்தவர்கள் முன்னமே அறிந்திருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையார் தங்கள் கணினிகள் நின்றுபோவதைச் சொன்னபோது, கடினமான கணக்குகளைப் போட்டு அவற்றுக்கு மிதமிஞ்சிய வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்கே பதில் கிடைத்ததாம். கணக்குப் போடுவதற்கென்றே வாங்கிய யந்திரம், தம்பி! உண்மை தெரிந்த இடத்திலிருந்து அது தெரியவேண்டிய இடத்துக்குப் போகும் வழியில், யாரோ சிலர் அதை எழுதாமல் விட்டார்கள். நான் விட்டதற்கும் அவர்கள் விட்டதற்கும் அளவில் வித்தியாசம் உண்டு. ஜாதி ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

உன்னிடம் வந்து சேரும் மனிதர், அதற்கு முன்னே எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கிறார் என்பதை நீ மறக்கக் கூடாது. வாங்கின கடைக்குப் போயிருப்பார்; கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள் என்றிருப்பார்கள். கால் சென்டரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நெடுநேரம் கழித்து ஒரு குரல் கிடைத்து, அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கும், தொடர்பு அறுந்திருக்கும், மறுபடி கூப்பிட்டால் வேறொரு குரல், மறுபடியும் ஆதியிலிருந்து. ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொல்லிச் சொல்லி, கடைசியில் உன் எதிரில் உட்காரும்போது அவர் அதைச் சுருக்கித்தான் சொல்லுவார், அல்லது கோபமாகச் சொல்லுவார். அந்தச் சுருக்கத்தையும் கோபத்தையும் புகார் என்று எண்ணிவிடாதே. எப்போது, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று மூன்று கேள்விகள் கேள். அவர் சொல்லும் பதிலை அவருடைய வார்த்தையிலேயே எழுது. எழுதியதை வாய்விட்டு அவருக்குப் படித்துக் காட்டு.

உன் கஷ்டமும் எனக்குத் தெரியாததன்று. ஸ்பேர் கேட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் உன் கணக்கில் ஏறும். அதே பெட்டி திரும்பி வந்தால் அதுவும் உன் தலையில்தான் விழும். குறை காணப்படவில்லை என்று எழுதுவது எல்லாவற்றிலும் சுலபமான காரியமாக அப்போது தோன்றும். ஆனால் நீ எழுதும் அந்தத் தாள் உன் கம்பெனியின் கோப்போடு நின்றுவிடுவதில்லை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி ஒருவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். அங்கே சாமானியர் ஒருவர் கையில் இருக்கக்கூடிய ஆதாரம் வாங்கின பில்லும் நீ கொடுத்த ஜாப் ஷீட்டும் தவிர வேறென்ன? மூன்று முறை வந்தார் என்பதற்கும், முதல் நாளே இன்ன குறையைச் சொன்னார் என்பதற்கும் உன் எழுத்துத்தான் சாட்சி. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருப்பதைக்கூட, அவர் கேட்டால் மறைக்காமல் சொல்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். திருவொற்றியூரிலும் பெசன்ட் நகரிலும் உப்புக் காற்றில் இரண்டு வருஷம் இருந்த யு.எஸ்.பி. வாயின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். அதைக் கண்டதும் தண்ணீர் பட்டது, வாடிக்கையாளர் செய்த சேதம், வாரண்டி கிடையாது என்று எழுதிவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. தண்ணீர் கொட்டியிருந்தால் கீபோர்டின் அடியில் தாரை ஓடிய கறை இருக்கும், போர்டில் ஓரிடத்தில் திட்டாக அரித்திருக்கும். காற்றினால் வந்த துரு எல்லா வாய்களிலும் ஒரே சீராகப் பூத்திருக்கும். திறந்து பார்த்துவிட்டு, கண்டது எதுவோ அதை எழுது. கம்பெனியின் விதி இரண்டுக்கும் இடம் தராமல் போகலாம். ஆனாலும் தண்ணீர் ஊற்றினாய் என்று, ஊற்றாத ஒருவரைக் குற்றம் சாட்டும் உரிமையை எந்த விதியும் நமக்குக் கொடுக்கவில்லை.

ஹார்டு டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ மாற்றுவதானால், உள்ளே இருப்பது திரும்பி வராது என்பதைக் கையெழுத்து வாங்கும் காகிதத்தின் பொடி எழுத்தில் விட்டுவிடாமல், வாயால் சொல்லிவிடு. மதர்போர்டு மாற்றும்போது இன்னொரு விபத்து காத்திருக்கிறது. இப்போது வரும் பல கணினிகளில், சொந்தக்காரருக்கே தெரியாமல் பிட்லாக்கர் பூட்டு விழுந்திருக்கும். அதன் சாவி பழைய போர்டோடு பிணைந்திருக்கிறபடியால், புதுப் போர்டு போட்டதும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணை அவருடைய கணக்கிலிருந்து எடுத்துக் குறித்துக்கொள்ளச் சொன்ன பிறகே ஸ்க்ரூவில் கை வை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று நீ நிம்மதியாகக் கணினியை நீட்டும் வேளையில், பெற்றோரின் பழைய போட்டோக்கள் அத்தனையும் போய்விட்டன என்று ஒருவர் உன் முன்னே நிற்பதைக் காணும் நிலை உனக்கு வரவேண்டாம்.

இனி அந்தப் பெண்ணின் மடிக்கணினிக்கு வருகிறேன். திரை அணைந்து எரிகிறது என்று இரண்டு ஜாப் ஷீட்டிலும் எழுதியிருக்கிறாய். எப்போது என்பது இரண்டிலும் இல்லை. நாம் மேஜைமேல் வைத்துப் பார்க்கும்போது மூடியை நிமிர்த்தி, ஏறக்குறைய நேராக நிறுத்துகிறோம். விடுதியில் இருக்கும் பிள்ளைகள் கட்டிலில் சாய்ந்து, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மூடியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் படிப்பார்கள். திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் கீலின் ஓரமாக வளைந்து போகிறது. அது ஓரிடத்தில் நசுங்கியிருந்தால் ஒரு கோணத்தில் மட்டும் தொடர்பு விட்டுவிடும், மற்றக் கோணங்களில் நாள் முழுவதும் எரியும். இதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. முதலில் பார்க்கவேண்டிய இடம் அது. நாளைக்கே அவளுக்குப் போன் செய்து, சௌகரியப்பட்ட வேளையில் வரச் சொல். நாற்காலியைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் போட்டு உட்காரவைத்து, கணினியை அவள் கையில் கொடுத்து, அறையில் எப்படித் திறப்பாளோ அப்படியே திறக்கச் சொல். அவள் திறக்கும்போது நீ திரையைப் பார்க்க வேண்டாம், கீலைப் பார்.

அன்புடன்,
அண்ணன்