கொடுமையைக் குறிக்கும் சொற்கள்: இலத்தீனும் தமிழும்

பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் புதுச்சேரியை அடையலாம். இலத்தீன் மொழி தமிழோடு நெருங்கிப் பழகிய ஊர்களுள் அஃது ஒன்று. 1846ஆம் ஆண்டில் அங்கேதான் இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மும்மொழி அகராதி அச்சேறியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வீரமாமுனிவர் தமிழுக்கும் இலத்தீனுக்கும் அகராதி தொகுத்தார். 1732இல் சதுரகராதியை இயற்றினார். அகராதி வருமுன் தமிழ்ப் பிள்ளைகள் நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்தனர். திண்ணைப் பள்ளிகளில் பெரிதும் வழங்கிய சூடாமணி நிகண்டைத் தந்த மண்டல புருடர் நம் சமயத்தவர். ஆகவே சொற்களை எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் புதிய தொழிலன்று.

இவ்விதழில் எடைபோட எடுத்துக்கொண்டவை இனிய சொற்கள் அல்ல. கொடுமை, கடுமை, மூர்க்கம், வன்கண்மை, குரூரம் ஆகியவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. ஒரு குழந்தைக்கு மனிதன் இழைத்த தீங்கை நாளிதழ்கள் ‘மிருகத்தனம்’ என்கின்றன. அஹிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட நம் இல்லங்களிலும் அச்சொல் தயக்கமின்றி வழங்குகிறது. எந்த மிருகம் அதைச் செய்தது என்று எவரும் கேட்பதில்லை.

இலத்தீனில் ‘ஃபெருஸ்’ என்பது காட்டில் திரிவது, பழக்கப்படாதது என்று பொருள்படும். அதிலிருந்து ‘ஃபெரா’, அதாவது காட்டு விலங்கு, என்ற சொல் பிறந்தது. காட்டைக் குறிக்கும் ‘சில்வா’ என்பதிலிருந்து ‘சில்வாத்திகுஸ்’ தோன்றிப் பிரெஞ்சில் ‘சொவாழ்’ என்றும், ஆங்கிலத்தில் ‘சாவேஜ்’ என்றும் திரிந்தது. காட்டில் வாழ்வது ஒரு குற்றமோ? சொல் பிறந்தபோது குற்றமாக இருக்கவில்லை. நாட்டில் வாழ்ந்தவர்கள் பின்னர் அதைக் குற்றமாக்கினர். நம் ‘காட்டுமிராண்டி’யின் கதையும் அத்தகையதே.

உரோமாபுரியில் கொலோசியம் என்னும் பெருவட்டரங்கு கி.பி. 80இல் திறக்கப்பட்டது. அவ்விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாகத் தியோ காசியுஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவற்றுள் வீட்டு விலங்குகளும் இருந்தனவாம். உள்ளே இறந்தவற்றுக்கு ‘ஃபெரா’ என்று பெயர். படிகளில் அமர்ந்து ஆரவாரித்தவர்களுக்கு அப்பெயர் இல்லை.

‘ஃபெருஸ்’ என்பதோடு ‘ஓக்ஸ்’ என்னும் ஈறு சேர்ந்து ‘ஃபெரோக்ஸ்’ ஆயிற்று. இவ்வீறு கண்ணைக் குறிக்கும் ‘ஓகுலுஸ்’ என்பதற்கு உறவு. ஆகவே ‘ஃபெரோக்ஸ்’ என்றால் அடங்காத பார்வையுடையவன் என்று பொருள். ‘அத்ரோக்ஸ்’ என்பதும் அவ்வாறே அமைந்தது. ‘ஆத்தெர்’ என்பது கருமை, ஆதலால் இருண்ட தோற்றமுடையது என்று பொருள். (கருமைக்கு இப்பழி எதற்கு? நேமிநாத சுவாமியைக் கருநிறத்தினராக வணங்கும் நமக்கு இஃது ஒப்பத்தக்கதன்று.)

கண்ணை வைத்துக் கொடுமையை அளந்தவர்கள் உரோமர் மட்டும் அல்லர். தமிழில் தறுகண், வன்கண் என்னும் இரு சொற்கள் உள. அஞ்சாத கண், இளகாத கண் என்று அவற்றைப் பிரித்துக் காணலாம். இவற்றுக்கு எதிராக நிற்பது கண்ணோட்டம். பிறர் துன்பத்தின்மீது கண் ஓடினால் அருள். ஓடாமல் நின்றுவிட்டால் வன்கண்மை. இலத்தீனார் கொடியவனின் கண்ணை அவன் முகத்தில் பார்த்தனர். தமிழரோ அக்கண் பிறரை நோக்கும்போது என்ன செய்கிறது என்று பார்த்தனர். இவ்வேறுபாடு நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது.

‘ஃபெரோக்ஸ்’ என்பது தொடக்கத்தில் முற்றிலும் பழிச்சொல் அன்று. துடிப்புள்ள குதிரையையும் பணியாத போர்வீரனையும் அச்சொல்லால் பாராட்டியதுண்டு. தமிழிலும் இந்நிலையே. திருக்குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் தறுகண் பேராண்மையாகப் போற்றப்படுகிறது. அமைச்சு அதிகாரத்தில் அமைச்சனுக்கு வேண்டிய குணங்களுள் ஒன்றாக வன்கண் நிற்கிறது; அங்கே அதற்கு உறுதி என்று பொருள். ஆனால் ஈகை அதிகாரத்தில், பொருளைச் சேர்த்து வைத்துப் பின் இழக்கும் உலோபிகளுக்கு ‘வன்கணவர்’ என்று பெயர். சொல் ஒன்றே, கண் எதன்மேல் வன்மை காட்டுகிறது என்பதே வேறு. ‘மறம்’ என்பதும் வீரத்தைக் குறிக்கும். அறத்துக்கு எதிரானதையும் குறிக்கும். பிள்ளைகள் இதைக் கண்டு குழம்புவதுண்டு. இடம் நோக்கிப் பொருள் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும்.

இனிக் ‘குரூதேலிஸ்’ என்னும் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘குரூவல்’ இதன் வழி வந்தது. இதன் அடி ‘குரூதுஸ்’: பச்சையானது, வேகாதது, குருதி வடிவது. சிந்திய இரத்தத்துக்குக் ‘குருவோர்’ என்று பெயர். வடமொழியில் ‘குரூரம்’ என்னும் சொல்லும், பச்சை இறைச்சியைக் குறிக்கும் ‘கிரவிஸ்’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பது மொழிநூலார் முடிபு. நாம் அன்றாடம் வழங்கும் குரூரம், உரோமரின் குரூதேலிஸுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு! தமிழ்க் ‘குருதி’யையும் இவற்றோடு சேர்க்க மாணாக்கர் விரும்புவர். ஒலி ஒத்திருப்பது ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்று கூறித் தடுத்துவிடுக.

‘கொடுமை’ என்னும் தமிழ்ச்சொல்லில் இரத்தம் இல்லை. ‘கொடு’ என்பதற்கு வளைவு என்று பொருள். கொடுவாள் வளைந்த வாள். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல். செந்தமிழுக்கு எதிர் கொடுந்தமிழ். நேராக நிற்க வேண்டியது வளைந்துவிட்டால் அது கொடுமை. ஒரு துளி இரத்தம் சிந்தாமலும் ஒருவன் கொடியவனாகலாம் என்பதை இச்சொல் தன்னுள்ளே வைத்திருக்கிறது.

யசோதர காவியத்தை இங்கே நினைவுகூர்க. அரசன் யசோதரன் உயிருள்ள கோழியைப் பலியிட மறுக்கிறான். தாயின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். இலத்தீன் சொல்லின்படி அங்கே குரூரத்துக்கு இடமே இல்லை. மாவில் ஏது குருதி? ஆயினும் கொல்லும் எண்ணம் அதில் கலந்திருந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்குகளாகப் பிறந்து துன்புற்றனர் என்று காவியம் கூறுகிறது.

எண்ணத்தையே முதன்மையாகக் கொள்வது நம் ஆசாரியர்களின் வழி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் தியானம் நான்கு என உமாசுவாமி வகுத்தார்: ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் ‘ருத்ர’ என்பதற்குக் குரூர எண்ணமுடையவன் என்று பொருள் தருகிறார். அத்தகையவனின் தியானம் ரௌத்திரம். அஃது உயிர்வதையிலும், பொய்யிலும், களவிலும், சேர்த்த பொருளைக் காப்பதிலும் தோய்ந்து மகிழும் நான்கு வகையினது. பெட்டகத்தைப் பூட்டிவிட்டு அதையே நினைத்திருப்பவனையும் கொலைஞனோடு ஒரே வரிசையில் வைத்த நுட்பத்தைக் காண்க. வள்ளுவர் உலோபியை ‘வன்கணவர்’ என்றதும் இதனோடு பொருந்துகிறது.

உரோமாபுரியிலும் இவ்வாறு சிந்தித்த ஒருவர் இருந்தார். செனெக்கா என்னும் அறிஞர் தம் மாணவனான நீரோ மன்னனுக்குக் கருணையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்றார் அவர். தண்டனை வழங்குவதில் அளவு கடந்த மனமே கொடுமை. எக்காரணமும் இன்றிக் கொல்வதிலேயே மகிழ்பவனைக் கொடியவன் என்றும் அவர் அழைக்கவில்லை. ‘ஃபெரிதாஸ்’, அதாவது விலங்குத்தன்மை, என்றார். வகுத்தது நன்று, வைத்த பெயர் நன்றன்று. கி.பி. 65இல் அதே நீரோவின் ஆணையால் செனெக்கா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. ஆணையிட்டவன் காட்டில் வளர்ந்தவன் அல்லன்.

தமிழில் ‘விலங்கு’ என்னும் சொல்லே குறுக்காகச் செல்வது என்று பொருள்படும். ‘திரியக்’ என்னும் வடசொல்லும் அதே பொருளது. உடல் நிமிர்ந்து நில்லாமல் கிடையாகச் செல்வது என்பதைத் தவிர அதில் வேறு பழி இல்லை. விலங்குகதியில் ரௌத்திரம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மகாவீரரின் இலாஞ்சனம் சிங்கம் என்பதை மறக்கலாகாது. அவருடைய முற்பிறவிகளுள் ஒன்றில் சிங்கமாக இருந்து, சாரண முனிவர்களின் உபதேசம் கேட்டுக் கொலைத்தொழிலை விட்டதாக உத்தரபுராணம் கூறுகிறது. ‘ஃபெரா’ என்று உரோமர் பெயரிட்ட அதே உயிர், நம் புராணத்தில் விரதம் ஏற்கிறது.

பெற்றோர் இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பின்வரும் தொடர்களைப் படித்துக் காட்டிக் கோடிட்ட இடத்தில் கடுமை, கொடுமை, வன்கண்மை, குரூரம், தறுகண்மை ஆகியவற்றுள் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ‘ஆசிரியர் ____ காட்டினாலும் அன்புடையவர்.’ ‘பசித்தவர் முன் கதவைச் சாத்துதல் ____.’ ‘வேலைக்காரச் சிறுமியை அடித்து மகிழ்வது ____.’ ‘வெள்ளத்தில் குதித்து அயலாரை மீட்டவரின் ____.’ ‘கோழையின் கையில் அதிகாரம் சேர்ந்தால் ____.’ ஒரே விடைதான் சரி என்று வற்புறுத்த வேண்டா. அச்சொல்லை ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேளுங்கள்.