சந்தை திறந்தால் ஏற்றுமதி பெருகுமா?

இறக்குமதி வரி குறைந்தால் உள்ளூர்த் தொழில் நசிந்துவிடும் என்பார் சிலர். ஏற்றுமதி தானாகவே பெருகும் என்பார் வேறு சிலர். இவை இரண்டும் அரை உண்மைகளே. மலேசிய, தாய்லாந்து கார்த் தொழில்களை ஒப்பிட்டால் இது விளங்கும்.

1983இல் தோன்றிய புரோட்டோன் நிறுவனம் 1985இல் சாகா காரை வெளியிட்டது. வெளிநாட்டுக் கார்களுக்கு உயர்ந்த வரி இருந்ததால், 1990களில் உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கும் மேல் அதன் வசமாயிற்று. 1989 முதல் பிரிட்டனிலும் அதன் கார்கள் விற்கப்பட்டன. எனினும் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விலைபோனது. வீட்டு வாசலிலேயே வாங்குவோர் காத்திருக்கும்போது, வெளிச்சந்தையைத் தேடும் நெருக்கடி எழவில்லை எனலாம்.

தாய்லாந்தோ ஜப்பானிய நிறுவனங்களை வரவேற்று வளர்ந்தது. 1997 நிதி நெருக்கடியில் அங்கு உள்நாட்டு விற்பனை சரிந்தது. பாட் நாணயத்தின் மதிப்பும் வீழ்ந்தது. ஆலைகள் ஏற்றுமதியை நாடின. உள்நாட்டு உதிரிப்பாகங்களைக் கட்டாயமாக்கிய விதி 2000இல் நீக்கப்பட்டது. 2012இல் அந்நாட்டின் வாகன ஏற்றுமதி பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஆயினும், அது எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. முழுமையாக இறக்குமதியாகும் கார்களுக்கான பொது வரியை உயர்வாகவே வைத்திருந்தது.

ஏன் எல்லா நிறுவனங்களும் ஏற்றுமதியாளர் ஆவதில்லை? பொருளியலறிஞர் மார்க் மெலிட்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஏற்றுமதிக்கு முன்செலவு உண்டு. பிற நாட்டுத் தர விதிகளுக்கேற்பப் பொருளை மாற்ற வேண்டும். முகவர்களை அமர்த்த வேண்டும். உற்பத்தித்திறன் மிக்க நிறுவனங்களே இச்செலவைத் தாங்கும். எனவே சந்தை திறக்கும்போது அவை வளர்கின்றன; திறன் குன்றியவை சுருங்குகின்றன அல்லது மூடப்படுகின்றன. நாட்டின் சராசரித் திறன் உயர்கிறது. ஆனால், மூடப்பட்ட ஆலையின் தொழிலாளிக்கு மறுநாளே வேறு வேலை கிடைப்பதில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

ஆசியான் தடையற்ற வணிக உடன்பாடு 1992இல் கையெழுத்தானது. மலேசியா கார்களுக்கு மட்டும் 2005 வரை அவகாசம் பெற்றது. 2010இல் ஆசியான் கார்களுக்கான இறக்குமதி வரி நீங்கியது. 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகள் சீனாவின் ஜீலி நிறுவனத்திடம் சென்றன.

பாதுகாப்பு வரி காலத்தைத்தான் வாங்கித் தரும்; திறனை அன்று. அக்காலத்திற்கான விலையைக் கூடுதல் பணம் கொடுத்துக் கார் வாங்கிய குடும்பங்கள் செலுத்தின. ஆகவே, அடுத்த முறை ஒரு தொழில் அவகாசம் கேட்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த ஆண்டுகளுக்குள் நீங்கள் எதைக் கற்கப் போகிறீர்கள்?