கரைசலா? கவளமா?



“நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்பது நம் பாட்டிமார் வாக்கு. இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு அம்மொழி எவ்வளவு பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு கரோல்பாக்கில் உள்ள என் மாமா வீட்டில் கண்டேன். நான் உணவியல் பயிலும் மாணவன். ஆயினும் பாடநூல் எனக்குக் கற்பித்ததைவிட அவ்வீட்டு அடுக்களை கற்பித்தது மிகுதி. அதையே இங்கு எழுதுகின்றேன்.

அறுவை யாது?

உடற்பருமனைக் குறைக்கும் அறுவை மருத்துவம் நேற்று வந்ததன்று. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் முறையைத் தொடங்கினார். தில்லி மக்களுக்கும் இது தெரிந்த செய்தியே. 2014-இல் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி இந்நகரிலேயே இவ்வகை அறுவை செய்துகொண்டார்.

இன்று இரு முறைகள் பெருவழக்கு. ஒன்றில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை அகற்றிவிடுவர். வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய் ஒன்றே எஞ்சும். மற்றொன்றில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பையை மேற்பகுதியில் அமைத்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைப்பர். என் மாமாவுக்கு நடந்தது முதல் வகை.

என் பிழை

அறுவை முடிந்த பத்தாம் நாள் மாமாவைக் காணச் சென்றேன். அவர் கையில் புரதப் பொடி கரைத்த கோப்பை. “இதைக் குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டதடா” என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ‘இட்லி பூப்போன்றதுதானே’ என்று எண்ணி, அத்தையிடம் கேளாமலே ஒன்றைப் பிட்டுக் கொடுத்தேன். பாதி இட்லி உள்ளே போனதும் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வியர்த்தது, வாந்தியும் வந்தது. அன்றிரவு முழுவதும் நாங்கள் உறங்கவில்லை. மறுநாள் மருத்துவர் சோதித்து, “தையல் பிரியவில்லை, தப்பினீர்கள்” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காரணம் எளிது. வெட்டி இணைத்த விளிம்பு ஆறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். வீங்கியிருக்கும் அக்குழாயில் திட உணவு தங்கினால் அழுத்தம் மிகும். ஆகவேதான் முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்மம். பின்பு ஏறத்தாழ இரண்டு வாரம் பாலும் புரதக் கரைசலும். அடுத்து மசித்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. ஆறு முதல் எட்டு வாரத்திற்குப் பிறகே வழக்கமான திட உணவு எனப் படிவைத்துள்ளனர். நாள்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறும். படிகளின் வரிசை மாறாது.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். பருப்பு வெந்த நீரைத் தெளித்துக் கொடுத்துவிட்டுப் புரதம் சேர்ந்ததாக நம் வீடுகளில் மகிழ்வார்கள். புரதம் பெரும்பாலும் பருப்பில் நின்றுவிடும். நீரில் வருவது சொற்பமே. நோயாளிக்கு நாள்தோறும் 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சில மாதங்களில் தலைமுடியும் கொட்டும். பொடி ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் கிடைப்பதால், தொடக்க வாரங்களில் அதற்கு நிகர் வேறில்லை.

மாமாவின் பிழை

என் பிழைக்கு எதிரான பிழையை மாமா செய்தார். இட்லி தந்த அச்சத்தால், மூன்று மாதம் கடந்தும் கரைசலை விட்டுத் திட உணவுக்கு வரவில்லை. ‘கரைசலில்தான் எல்லாச் சத்தும் உண்டே’ என்பது அவர் வாதம். ஆனால் மணிக்கொருமுறை பசித்தது. பசிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் துணையாயின. எடை குறைவது நின்றது.

உணவியல் வல்லுநர் அம்மையார் விளக்கினார். நீர்மம் இரைப்பையில் நில்லாமல் விரைந்து இறங்கிவிடும். திட உணவோ சிறு துகளாக அரைபட்ட பின்னரே குடலுக்குள் செல்லும். அதுவரை வயிறு நிறைந்த உணர்வு நிற்கும். அறுவையால் வாய்த்த சிறு வயிற்றின் பயனே அதுதான். கரைசலை மட்டும் குடிப்பவர் அப்பயனைத் தாமே இழக்கிறார். உணவோடு நீர் பருகலாகாது, உண்டபின் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற விதியும் இதன்பாற்பட்டதே.

தட்டின் வரிசை

நாம் சோற்றைக் குவித்து, அதை நனைக்கச் சாம்பாரை ஊற்றுகிறோம். சில கவளமே கொள்ளும் வயிற்றில் சோறு முந்தினால் புரதத்திற்கு இடமேது? ஆதலின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் முட்டையோ, கெட்டிப் பருப்போ, பனீரோ, மீனோ, அடுத்துக் காய், இறுதியில் இடமிருந்தால் சோறு. முட்டை ஒன்றில் 6 கிராம், பனீர் 50 கிராமில் ஏறத்தாழ 9 கிராம், பருப்பு 30 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. இவற்றால் மட்டும் 60-ஐ எட்டாத நாளில் ஒரு கோப்பைக் கரைசல் குறையை நிரப்பட்டும். உயிர்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி விடாமல் உண்ண வேண்டும். பொடி அவற்றுக்கு ஈடாகாது.

முடிவாக

கரைசல் ஓடம், திட உணவு கரை. ஓடமின்றி ஆற்றில் இறங்கியது என் பிழை. கரை வந்தும் ஓடத்தை விட்டு இறங்காதது மாமாவின் பிழை. எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது எப்போது என்று கேட்பதே அறிவு.

இப்போது மாமா சிறு கிண்ணத்தில் கெட்டிப் பருப்பை எடுத்து, அரைமணி நேரம் மென்று உண்கிறார். நான் சென்றால் சிரித்துக்கொண்டே, “இன்று இட்லி கொண்டுவந்தாயா?” என்று கேட்கிறார். நண்பர்களே, உங்கள் உறவினர் எவரேனும் இவ்வறுவை செய்துகொண்டிருந்தால், அன்போடு எதையும் ஊட்டும் முன் மருத்துவர் தந்த தாளை ஒருமுறை வாசியுங்கள்.