பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் கற்பிப்பதா: பெற்றோருக்கான ஒப்பீட்டு வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், அதன் கல்விப் பொறுப்பு முழுவதையும் பெற்றோரே ஏற்று, வீட்டை மையமாகக் கொண்டு கற்பிப்பதே வீட்டுக்கல்வி எனப்படுகிறது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருவதும், பள்ளிப் பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டு இணையவழி வகுப்பில் அமர வைப்பதும் இதில் அடங்கா. எதைக் கற்பது, எந்த மொழியில், எந்த வேகத்தில், யாரிடம், கற்றதை எவ்வாறு மதிப்பிடுவது ஆகிய முடிவுகள் அனைத்தும் வீட்டாரிடம் வந்து சேரும்போதுதான் அது வீட்டுக்கல்வி ஆகிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன என்பதால், அந்தக் காலத்து அனுபவத்தைக் கொண்டே வீட்டுக்கல்வியை எடைபோடும் பெற்றோர் உண்டு. ஆயினும் அது வேறு வழியின்றி நேர்ந்த முடக்கமேயன்றி, ஆய்ந்து தேர்ந்த கல்விமுறை அன்று. அதனை வைத்து இம்முறையைப் புகழ்வதும் பழிப்பதும் பொருந்தா.

தமிழ்நாட்டில் வாழும் ஒரு குடும்பம் இம்முடிவை எடுக்கும்முன் எவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வகைப்படுத்திக் கூறுகிறது.

சட்டத்தின் நிலை

2002இல் நிறைவேறிய 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறுகிறது. ஆனால் அக்கடமையிலிருந்து தவறும் பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆகவே வீட்டுக்கல்வி பொதுவாக அனுமதிக்கப்பட்ட உரிமையாகவும் இல்லை, தண்டிக்கப்படும் குற்றமாகவும் இல்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகை மாற்றுத்திறனும் கடுமையான மாற்றுத்திறனும் உடைய பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுப்பதை வெளிப்படையான உரிமையாக்கியுள்ளது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய பிரிவுகள் இன்னும் இரண்டு. பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பிறருக்கு இணையாக வருவதற்கான சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. தொடக்கக்கல்விப் பருவத்தில் பள்ளிக்குத் திரும்பும் வழி இதனால் திறந்தே இருக்கிறது. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவதைத் தடைசெய்யும் 18ஆம் பிரிவு, மீறுவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை தண்டமும், மீறல் தொடருமாயின் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாயும் விதிக்கிறது. சில குடும்பங்கள் ஒன்றுகூடி, ஆசிரியரை அமர்த்தி, கட்டணம் திரட்டி, அன்றாடம் வகுப்பு நடத்தத் தொடங்கினால், அது வீட்டுக்கல்வி என்ற எல்லையைத் தாண்டி இப்பிரிவுக்குள் வந்துவிடக் கூடும்.

காரணத்தை முதலில் பிரித்தறிதல்

வீட்டுக்கல்வியை நாடும் காரணங்கள் இரு வகைப்படும்: பள்ளியிலிருந்து விலகத் தூண்டுபவை ஒரு வகை, வீட்டின்பால் ஈர்ப்பவை மற்றொரு வகை. ஆசிரியர் அடிப்பதும், சக மாணவர் துன்புறுத்துவதும், மதிப்பெண் நெருக்கடியும், கட்டணச் சுமையும் முதல் வகையின. இவை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் குறைகளேயன்றிப் பள்ளி என்ற அமைப்புக்கே உரியவை அல்ல என்பதால், அவற்றுக்குரிய முதல் மருந்து பள்ளி மாற்றமே ஆகும். உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. கட்டணமே தடையெனில் அருகிலுள்ள அரசுப் பள்ளியும், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களும் உள்ளன.

பிள்ளையின் கற்கும் வேகம் வகுப்பின் வேகத்தோடு பெரிதும் மாறுபடுவது, இசையிலோ விளையாட்டிலோ நாள்தோறும் நீண்ட பயிற்சி தேவைப்படுவது, நெடுநாள் நோயினால் வருகை தடைபடுவது, கற்பிப்பதில் பெற்றோருக்கே ஆழ்ந்த ஈடுபாடும் நேரமும் இருப்பது ஆகியவை இரண்டாம் வகையின. முதல் வகைக் காரணத்தால் மட்டும் தொடங்கும் வீட்டுக்கல்வி, விலகிய கோபம் தணிந்ததும் திசையறியாது நின்றுவிட நேரும்; இரண்டாம் வகைக் காரணமும் உடனிருந்தால்தான் அது ஆண்டுக்கணக்கில் நிலைக்கும்.

நான்கு வழிகள்

தேர்வு பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று. நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, வழக்கமான பள்ளி. பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆய்வுக்கூடம், விளையாட்டுத் திடல், சான்றிதழ், ஒத்த வயதுத் தோழமை ஆகியவை ஒரே இடத்தில் கிடைப்பது இதன் வலிமை. ஒரே வகுப்பில் பலரை ஒரே வேகத்தில் நடத்த வேண்டியிருப்பது இதன் குறை.

இரண்டாவது, மாற்றுப்பள்ளி. தேர்வையும் போட்டியையும் பின்னுக்குத் தள்ளி, கைத்தொழில், இயற்கை, உரையாடல் ஆகியவற்றின் வழியே கற்பிக்க முயலும் பள்ளிகள் இவ்வாறு அழைக்கப்படுகின்றன. சென்னையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை நடத்தும் பள்ளியும், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள மருதம் பண்ணைப் பள்ளியும் இதற்குச் சான்றுகள். வீட்டுக்கல்வியை நாடும் பெற்றோர் விரும்பும் சுதந்திரத்தின் பெரும்பகுதி இங்கே கிடைக்கிறது. ஆயின் இத்தகைய பள்ளிகள் மிகச் சில என்பதால், குடும்பமே இடம்பெயர வேண்டிய நிலை ஏற்படலாம்.

மூன்றாவது, பள்ளியோடு வீட்டையும் இணைத்தல். வீட்டுப்பாடச் சுமையும் டியூஷனும் இல்லாத எளிய பள்ளியொன்றில் பிள்ளையைச் சேர்த்து, மாலையையும் விடுமுறையையும் வாசிப்புக்கும் தோட்டத்துக்கும் சமையலுக்கும் கைவேலைக்கும் ஒதுக்குவது இவ்வழி. குறைந்த இழப்பில் மிகுந்த பயன் தருவது இதுவே என்ற போதிலும், விளம்பரம் ஏதுமின்றி அமைதியாக நிகழ்வதால் இது ஒரு தேர்வாகவே கருதப்படாமல் போகிறது.

நான்காவது, முழுமையான வீட்டுக்கல்வி. இதனுள்ளும் இரு போக்குகள் உள்ளன. பாடநூலும் கால அட்டவணையும் வைத்துக்கொண்டு கற்பிப்பது ஒன்று. பிள்ளையின் ஆர்வத்தையே பாடத்திட்டமாகக் கொண்டு, கேட்டபோது மட்டும் உதவுவது மற்றொன்று. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் ஹோல்ட் 1977இல் தொடங்கிய இதழின் வழியே பரவிய இப்போக்கு ‘அன்ஸ்கூலிங்’ எனப்படுகிறது. வெளிப்பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இரண்டாம் போக்கே பெற்றோரிடம் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. பிள்ளையின் கேள்வி எழும் நொடியில் உடனிருக்கும் பெரியவரும், அதற்கேற்ற நூலும் கருவியும் இல்லாத வீட்டில், அது கல்வியின்மையாகவே முடியும்.

ஒப்பிட வேண்டிய கூறுகள்

நேரமும் உழைப்பும்: ஒரு பிள்ளைக்கு நேரடியாகக் கற்பிக்கையில் வருகைப்பதிவுக்கும் வகுப்பை அமைதிப்படுத்தவும் நேரம் செலவாவதில்லை என்பதால், தொடக்க வகுப்புகளுக்கு உரிய பாடத்தைப் பள்ளி நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்க இயலும். ஆனால் பிள்ளையோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டிய நேரம் குறைவதில்லை. அந்த நேரத்தை யார் தருவது என்ற கேள்விக்கு, நம் குடும்பங்களில் கேட்காமலே கிடைக்கும் விடை ‘அம்மா’ என்பதாகும். தாயின் வேலையும் வருமானமும் ஓய்வும் விலையாகக் கொடுக்கப்படும்போது, அந்த விலையை அவரே அறிந்து ஏற்றாரா என்பதும், தந்தை எந்தப் பாடத்தை, எந்த நாளில், எத்தனை மணி நேரம் ஏற்கிறார் என்பதும் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யப்பட வேண்டும்.

கற்கும் வளம்: தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உள்ளன. தொடக்க வகுப்புகளுக்கு இவையும் நல்ல நூலகமும் போதும். எட்டாம் வகுப்புக்கு மேல், கணிதத்துக்கும் அறிவியலுக்கும் துறையறிந்த ஆசிரியரும், வேதியியல், இயற்பியல் சோதனைகளுக்கு ஆய்வுக்கூடமும் தேவைப்படுவதால், செலவும் சிக்கலும் அங்கேதான் கூடுகின்றன.

தோழமையும் சமூகமும்: வெவ்வேறு சாதியையும் மதத்தையும் வருவாய்நிலையையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவும் விளையாடவும் வாய்க்கும் இடங்கள் நம் ஊர்களில் மிகச் சில, அவற்றுள் முதன்மையானது பொதுப்பள்ளி. வீட்டில் கற்கும் பிள்ளையின் வட்டமோ உறவினரும், பெற்றோரைப் போன்ற பிற குடும்பங்களுமாகவே சுருங்கிவிடும் இயல்புடையது. விளையாட்டுக் குழு, பொது நூலகம், தெருப்பிள்ளைகளின் கூட்டம் ஆகியவற்றில் பிள்ளையைத் தவறாமல் சேர்த்து இவ்வட்டத்தை விரிவாக்காத பெற்றோர், பள்ளி தந்திருக்கக்கூடிய பெருங்கல்வி ஒன்றைப் பிள்ளைக்கு மறுத்தவர் ஆவர். குடும்பத்துக்கு வெளியே நம்பத்தகுந்த பெரியவர் சிலரோடு பிள்ளை இடைவிடாது பழகுவது அதன் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது. வீட்டுக்குள் நேரும் துன்பத்தை முதலில் கண்டுகொள்பவர் பல வேளைகளில் வெளியாரே.

அரசின் உதவிகள்: பள்ளியை விட்டு விலகுவதால் இழக்க நேரும் வாய்ப்புகளைக் கணக்கிடாமல் விடுவது பெரும்பிழை. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் நடைமுறைக்கு வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் பள்ளிப்படிப்பை அடிப்படையாகக் கொண்டவையே. அரசுப் பணியில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையைப் பெறுவதற்கும் பள்ளிச் சான்றுகள் வேண்டும். நடுத்தர, எளிய குடும்பங்களுக்கு இந்த இழப்பு மிகப் பெரிது.

சான்றிதழுக்கான வழிகள்

வீட்டில் கற்ற பிள்ளை கல்லூரியை அடைய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் இது 1989இல் ஒன்றிய அரசால் நிறுவப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். முந்தைய வகுப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் பயிற்சியில் மூழ்கிய கலைஞர்களுக்கும் இந்த நெகிழ்வு பெருந்துணை. திறந்தநிலைப் பள்ளியில் பயின்றோரை நீட் தேர்விலிருந்து விலக்கிய விதியை 2018 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது என்பது, இவ்வழி மூடப்பட்டதன்று என்பதையும், விதிகளை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும் என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

இரண்டாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வுகளைத் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியின் மாணவராகவும் இல்லாமல் நேரடியாக விண்ணப்பித்து, எழுதுதல். எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டரை வயதும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதினான்கரை வயதும் நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்வது கட்டாயம். தமிழ்வழியில் குறைந்த செலவில் செல்ல விரும்பும் குடும்பத்துக்கு ஏற்றது இது.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு. தனித்தேர்வரை ஏற்கும் மையத்தைத் தேடிக் கண்டறிய வேண்டியிருப்பதும், கட்டணம் பன்மடங்கு மிகுவதும், ஆங்கிலவழியில் அமைவதும் இதன் வரம்புகள். வெளிநாட்டுக் கல்வியை நோக்கும் குடும்பத்துக்கே இது பொருந்தும்.

பிள்ளையின் சொல்

தென்னாப்பிரிக்காவில் பீனிக்ஸ் குடியிருப்பிலும் டால்ஸ்டாய் பண்ணையிலும் தம் மக்களுக்குத் தாமே கல்வி புகட்டிய காந்தி, முறையான கல்வி தமக்குக் கிடைக்கவில்லை என்ற குறை அவர்களுக்கு இருந்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். உயர்ந்த நோக்கமும் பெரும் ஆளுமையும் வாய்த்த தந்தைக்கே இது நேர்ந்தது என்பதால், பெற்றோரின் கொள்கை பிள்ளையின் விருப்பமாகிவிடாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்ல வல்லது. பன்னிரண்டு வயதில் அதன் சொல் முடிவின் சரிபாதியாக வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறினால் முழுமையான வீட்டுக்கல்வியை மேற்கொள்ளலாம்: அன்றாடம் பிள்ளைக்கு நேரம் ஒதுக்க மனமுவந்து முன்வரும் பெரியவர் ஒருவராவது இருத்தல், ஒருவருடைய வருமானம் நின்றாலும் குடும்பம் தளராதிருத்தல், பிள்ளையும் அதை விரும்புதல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மாற்றுப்பள்ளியோ, பள்ளியோடு வீட்டை இணைக்கும் வழியோ மேலானது.

தொடங்குவோர் ஓராண்டு என வரையறுத்துக்கொண்டு, தொடக்க வகுப்புகளிலோ, ஐந்தாம் வகுப்பு முடிந்த நிலையிலோ தொடங்குவது நன்று. ஒன்பதாம் வகுப்பின் நடுவில் விலகுவது பொதுத்தேர்வையும் திரும்பும் வழியையும் ஒருசேரக் கடினமாக்கும். பள்ளியிலிருந்து மாற்றுச்சான்றிதழை முறைப்படி பெற்று, பிறப்புச் சான்றிதழோடு பேணுதல் வேண்டும். பிள்ளை படித்த நூல்கள், எழுதிய கட்டுரைகள், செய்த கணக்குகள் ஆகியவற்றை மாதந்தோறும் கோப்பில் சேர்த்துவந்தால், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். பின்னாளில் சேர்க்கைக்கு அதுவே சான்றாகும். ஆண்டு முடிவில், வீட்டாரல்லாத ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் மதிப்பிடச் செய்வது, பாசத்தால் மறையும் குறைகளை வெளிக்கொணரும்.

வயதுக்குரிய வாசிப்பு ஓராண்டுக்கும் மேலாகத் தேங்குதல், பிள்ளை தோழரின்றித் தனித்துப்போதல், கற்பிப்பவர் களைத்துக் கடிந்து பேசத் தொடங்குதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பள்ளிக்குத் திரும்புவதே அறிவுடைமை. அது தோல்வி அன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒரு முடிவை அவ்வாண்டுக்கு மாற்றிக்கொள்வதே ஆகும். பள்ளியைத் தேர்ந்த குடும்பமும் இதே வினாக்களை ஆண்டுதோறும் எழுப்பக் கடமைப்பட்டது. பிள்ளை எங்கே கற்றாலும், அதன் கற்றலை அன்றாடம் கவனிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பதும், வேறு வழிக்கு மாறும் உரிமை அதற்கு மூடப்படாதிருப்பதும் உறுதியானால்தான் எந்தத் தேர்வும் நல்ல தேர்வாகும்.