ஹெட் கேஸ்கட்: சம்பளம் ஏறும் இடம்

ரேடியேட்டர் கொதித்த பிக்கப் ஒன்று பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்படுகிறது. நாளைக்குக் காய்கறி லோடு ஏற்ற வேண்டும் என்று ஓனர் தவிக்கிறார். ஃபோர்மேன் சுற்றுமுற்றும் பார்க்கிறார். இந்த வண்டியை யார் கையில் கொடுப்பது? அவர் கண் உங்கள் மேல் வந்து நின்றால், அடுத்த இன்கிரிமென்ட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஆயில் மாற்றவும் பிரேக் ஷூ மாற்றவும் எந்தப் பட்டறையிலும் ஆள் இருக்கிறது. டர்போ டீசல் இன்ஜினின் ஹெட்டை இறக்கி, கேஸ்கட் மாற்றி, அதே கோளாறோடு வண்டி திரும்ப வராதபடி அனுப்புகிறவர்தான் அரிது. ஐ.டி.ஐ-யில் மெக்கானிக் டீசல் முடித்து, இரண்டு மூன்று வருடமாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்களா? அங்கிருந்து மேலே ஏற இந்த ஒரு வேலை போதும். ஆனால் போல்ட் கழற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. கேஸ்கட் ஏன் போனது என்று சொல்லத் தெரிய வேண்டும். காசு அங்கேதான் இருக்கிறது.

1. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

ஹெட் கேஸ்கட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. வேறொன்று அதைக் கொல்கிறது. இதற்கு நான் எல்லாப் பையன்களுக்கும் சொல்லும் கேஸ், அமெரிக்காவின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்களில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 டர்போ டீசல். நேவிஸ்டார் தயாரித்த இன்ஜின். ஒரு ஹெட்டுக்குப் பெரிய போல்ட் பத்துதான். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கு. அதற்கு முந்தைய 7.3 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரைச் சுற்றி ஆறு இருந்தன. பிடிமானம் குறைந்த அந்த அமைப்பில் அழுத்தம் எல்லை மீறியபோதெல்லாம் போல்ட் இழுபட்டது, ஹெட் நூலளவு தூக்கியது, கேஸ்கட் போனது.

அழுத்தம் ஏன் எல்லை மீறியது? படிக்க வேண்டிய இடம் இதுதான். இன்ஜின் நடுவே இருக்கும் ஆயில் கூலரின் குறுகலான வழிகளில் கூலன்ட்டின் கசடு போய் அடைத்துக்கொள்ளும். அதைத் தாண்டித்தான் ஈ.ஜி.ஆர். கூலருக்குக் கூலன்ட் போக வேண்டும். போகாது. ஈ.ஜி.ஆர். கூலர் காய்ந்து, வெடித்து, கூலன்ட்டை இன்ஜினுக்குள் விடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். கூடுதல் பவருக்காக டியூனிங் செய்து பூஸ்ட்டை ஏற்றிய வண்டிகளுக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை.

அந்த வண்டிக்குப் புது கேஸ்கட் மட்டும் போட்டு அனுப்பியவர்கள் அதே வண்டியை மறுபடியும் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ஸ்கேனரை மாட்டினார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓட்டி, ஆயில் வெப்பத்துக்கும் கூலன்ட் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது என்று கணக்கு. ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் கிடைத்த தகவல் இது. வண்டியின் கேபினையே லிஃப்ட்டில் தூக்கி, இன்ஜினைத் திறந்தவெளியில் வைத்து வேலை செய்யும் முறையை அங்கே பல பட்டறைகள் பழகிக்கொண்டன. இந்த ஒரே இன்ஜினை வைத்துப் பெயரும் பிழைப்பும் தேடிக்கொண்ட மெக்கானிக்குகள் அங்கே உண்டு. ஒரு இன்ஜினின் பலவீனத்தை அடிவரை தெரிந்துகொள்வது ஒரு பிசினஸ்.

உங்கள் ஊரில் எந்த பிக்கப் அதிகம் ஓடுகிறது? பொலேரோ பிக்கப்பா, யோதாவா, டி-மேக்ஸா? அந்த இன்ஜினில் கூலன்ட் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வரைய முடியவில்லை என்றால், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

2. நிரூபித்துவிட்டு இறக்குங்கள்

"வெள்ளைப் புகை வருது, ஹெட் கேஸ்கட்தான்" என்று பார்த்தவுடன் சொல்கிறவர் திறமைசாலி போலத் தெரிவார். ஈ.ஜி.ஆர். கூலர் ஓட்டையானாலும் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும், ரிசர்வாயரில் குமிழ்கூட வரும். ஹெட்டை இறக்கிப் பார்த்து கேஸ்கட் நன்றாக இருந்தால் ஓனருக்கு யார் பதில் சொல்வது?

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடு ஏறும் முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். அடுத்தடுத்து உள்ள இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவே உள்ள கேஸ்கட் பாலம் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஈ.ஜி.ஆர். கூலரைத் தனியாகக் கழற்றி, காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ரீடிங்கையும் ஜாப் கார்டில் எழுதுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பேச்சு வளர்ந்தால் உங்கள் பக்கம் பேச அந்தக் காகிதம் இருக்கும்.

3. எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரியுங்கள்

ஓனரிடம் ஒரே தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு ஹெட்டில் கிராக் என்று கூட்டிக் கேட்டால் நம்பிக்கை போய்விடும். "அண்ணே, ஹெட் இறக்க இவ்வளவு. இறக்கி லேத்துல பிரஷர் டெஸ்ட் பண்ணுனதுக்கு அப்புறம்தான் மீதி சொல்ல முடியும். கிராக் இருந்தா இவ்வளவு, இல்லன்னா இவ்வளவு" என்று முதல் நாளே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் போடுங்கள். போட்டிப் பட்டறைக்காரர் குறைவாகச் சொல்லி வண்டியை இழுக்கப் பார்ப்பார். நீங்கள் ரேட்டில் இறங்க வேண்டாம், டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டுங்கள். லோடு வண்டி ஓனருக்கு ரிப்பேர் செலவைவிட வண்டி நிற்கும் நாள்தான் பயம்.

4. கழற்றும்போது தெரியும் தரம்

இன்ஜின் முழுக்க ஆறட்டும். அலுமினிய ஹெட்டைச் சூட்டோடு அவிழ்த்தால் வளைந்துவிடும். போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஏற்றும்போது நடுவிலிருந்து வெளியே.

காமன் ரெயில் இன்ஜினில் ரெயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜெக்டரைக் கழற்றியதும் எந்த சிலிண்டர் என்று டேக் கட்டி மூடி போடுங்கள். இன்ஜெக்டர் கோடு ஈ.சி.யு-வில் சிலிண்டர் வாரியாகப் பதிந்திருக்கும் வண்டிகளில் இடம் மாறினால் இன்ஜின் உதறும்.

டர்போவின் எல்லா வாயையும் அந்தக் கணமே அடைத்துவிடுங்கள். அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக் கூடியது. அதை நாசமாக்க ஒரு நட்டு வேண்டாம், ஒரு வாஷர் துண்டு போதும். அடைக்க பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள். நூல் உள்ளே தங்கும், எடுக்க மறந்தும் போகும். கலர் தெரியும் பிளாஸ்டிக் மூடி வையுங்கள்.

5. அளவு, அளவு, அளவு

என் முதல் வேலையில் ஒரு பிக்கப்பின் ஹெட்டை நான் தனியாக ஏற்றினேன். டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 'டக்' என்று சத்தம் கொடுத்தது. பெருமையோடு ஒப்படைத்தேன். இரண்டாவது நாளே கூலன்ட் குடித்துக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. சீனியர் ஒருவர் எதுவும் பேசாமல் ஹெட்டை இறக்கச் சொன்னார். ஊசி போடும் சிரிஞ்சின் நுனியில் மெல்லிய டியூப் ஒன்றைச் சொருகி, பிளாக்கில் ஒரு போல்ட் ஓட்டைக்குள் விட்டு இழுத்தார். கறுப்பு ஆயிலும் கூலன்ட்டும் கலந்து பாதி சிரிஞ்ச் ஏறியது.

"தம்பி, அடியில அடைச்ச ஓட்டை இது. தண்ணி நசுங்குமா? போல்ட் தண்ணியத்தான் அமுக்கியிருக்கு, ஹெட்ட அமுக்கல."

டார்க் ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. அது போல்ட் சுழலும் எதிர்ப்பைத்தான் சொன்னது. ஹெட் எவ்வளவு இறுகியது என்று அதற்குத் தெரியாது. அன்று பிளாக் வெடிக்காமல் தப்பியது அதிர்ஷ்டம். அப்போதிருந்து ஒவ்வொரு ஓட்டையையும் சிரிஞ்சில் இழுத்து, ஏர் அடித்து, துணி சுற்றிய கம்பியை விட்டு, அது காய்ந்து வெளியே வந்த பிறகுதான் கேஸ்கட் பெட்டியைத் திறக்கிறேன். அந்தக் கம்பியை ஓனர் பார்க்கும்படி ட்ரேயில் வைப்பேன்.

இனி கேஸ்கட். இப்போதைய டர்போ டீசல்களில் பெரும்பாலும் எம்.எல்.எஸ்., அதாவது மெல்லிய ஸ்டீல் தகடுகளை அடுக்கிய கேஸ்கட். முழு லோடில் சிலிண்டருக்குள் 150 பாருக்கும் மேல் அழுத்தம் வரும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். பழைய வகை கேஸ்கட் மேடு பள்ளத்தை மன்னிக்கும். இது மன்னிக்காது. ஆகவே ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபில்லர் கேஜும் வைத்து ஹெட்டையும் பிளாக்கையும் நீளம், அகலம், குறுக்குமூலை என எல்லாத் திசையிலும் பாருங்கள். பிளாக்கைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டினால் லேத்துக்கு அனுப்புங்கள். ஹெட்டின் குறைந்தபட்ச உயரத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எம்.எல்.எஸ்.-க்கு ஃபினிஷ் வழவழப்பாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கிரைண்டரில் மாட்டும் உரசுத் தட்டை வைத்துப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டாதீர்கள். வேகமாக முடியும். ஆனால் உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும், தட்டும் அலுமினியத்தில் பள்ளம் போடும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கிளீனர், பொறுமை.

பல டீசல்களில் கேஸ்கட் இரண்டு மூன்று தடிமனில் வரும். எது என்று அதன் ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது ஓட்டையின் எண்ணிக்கை சொல்லும். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரிலும் அளந்து, மேனுவல் டேபிளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிப் போட்டு, வால்வு பிஸ்டனைத் தொட்ட கதை ஒன்றல்ல. டயல் கேஜ் பிடித்து அளந்து, டேபிளிலிருந்து கேஸ்கட்டைச் சொல்லத் தெரிந்தால், வெளிநாட்டு வேலைக்கான ட்ரேட் டெஸ்ட்டிலும் உங்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

6. யூனிட்டைப் பாருங்கள்

மேனுவலில் என்.எம். இருக்கும், சிலவற்றில் கே.ஜி.எஃப்.-மீட்டர், அமெரிக்க மேனுவலில் ஃபுட்-பவுண்ட். அந்த 6.0 லிட்டர் ஃபோர்டுக்குப் பலரும் போட்ட ஏ.ஆர்.பி. ஸ்டட்டின் டார்க் 210 ஃபுட்-பவுண்ட். அது 285 என்.எம். இதையே 210 என்.எம். என்று படித்தால் கால் பங்கு பிடிமானம் குறைந்துவிடும். மாற்றும் கணக்கை டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்: 1 ஃபுட்-பவுண்ட் 1.356 என்.எம்., 1 கே.ஜி.எஃப்.-மீட்டர் 9.81 என்.எம்.

டார்க் போட்ட பிறகு 90 டிகிரி திருப்பு என்று எழுதியிருந்தால் ஆங்கிள் கேஜில் திருப்புங்கள், கண்மதிப்பில் வேண்டாம். அப்படிப்பட்ட போல்ட் பெரும்பாலும் இழுபட்டு நிற்கும்படி செய்தது, ஒருமுறைதான். பழையதை மறுபடியும் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும், ஓனரே சொன்னாலும், மறுத்துவிடுங்கள். த்ரெட்டில் ஆயில் தடவுவதா வேண்டாமா என்பதும் மேனுவல் சொல்கிறபடிதான். மேனுவல் கேட்காத இடத்தில் கேஸ்கட்டின் மேல் பேஸ்ட் தடவாதீர்கள்.

சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். பட்டறையின் பொது ரெஞ்ச்சை எத்தனை பேர் கீழே போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் செட்டிங்கைக் கீழே இறக்கிப் பெட்டியில் வையுங்கள். அடுத்து ஆங்கிள் கேஜ், பிறகு டயல் கேஜ். இன்டர்வியூவுக்குப் போகும்போது இந்தப் பெட்டியோடு போங்கள்.

7. ஸ்டார்ட் செய்யும் முன், செய்த பின்

கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால் டர்போ பேரிங் முன்னதாக அடிபடும் இடங்களில் ஒன்று. ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது. டீசல் போகாமல் கிராங்க் செய்து, ஆயில் பிரஷர் வந்த பிறகே ஸ்டார்ட். பால் கலரில் இருந்த ஆயில் என்றால், சிறிது ஓட்டிய பின் இன்னொரு முறை மாற்றுங்கள். அந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்த்திருக்க வேண்டும். கூலன்ட் நிரப்பும்போது காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டையும் இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். கொதித்ததற்குக் காரணமே அவையாக இருக்கலாம்.

பிறகு லோடோடு ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலி வண்டியை ஓட்டிவிட்டு ஓகே சொல்லாதீர்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது பழைய கேஸ்கட், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஓனர் கையில் கொடுங்கள். கேஸ்கட் எந்த இடத்தில் போனது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். பில்லைப் பற்றிப் பேரம் பேச வந்தவர்கூட அந்த இரண்டு நிமிடம் கவனமாகக் கேட்பார். அடுத்த வண்டியோடு வரும்போது "அந்தத் தம்பி இருக்காரா?" என்றுதான் கேட்பார். முதலாளி காதில் அது விழட்டும்.

கடைசியாக ஒன்று. ரிசர்வாயரில் கூலன்ட் மட்டத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் அந்தக் கோட்டைப் பார்க்கும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே போன் செய்து, "அண்ணே, கோடு அங்கேயே இருக்கா?" என்று கேளுங்கள்.