நீலமாகத் தெரியும் கூரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஓசூர் தரைவெப்ப வரைபடத்தைப் பார்த்தேன். சிப்காட் தொழிற்பேட்டை ஷெட்டுகள் நீலமாக, அதாவது குளிர்ச்சியாக, இருக்கின்றன. பக்கத்துத் தரிசு செக்கச்செவேலென்று இருக்கிறது. ஆலைகள் சூட்டைத் தணித்திருப்பதாகக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் அளப்பது தரை உமிழும் அகச்சிவப்புக் கதிரை. வெப்பநிலையை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்கிறோம். அந்தக் கணக்கின் உயிர் உமிழ்திறனில், அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எந்த அளவுக்குக் கதிராக வெளிவிடுகிறது என்ற விகிதத்தில், இருக்கிறது. செடிக்கும் தண்ணீருக்கும் அது 0.95க்கு மேல், பெயின்ட் அடிக்காத துத்தநாகத் தகட்டுக்கு அதில் பாதிகூட வராது. கை வைக்க முடியாத சூட்டிலும் தகடு கொஞ்சமாகத்தான் உமிழும். கூடவே குளிர்ந்த வானத்தையும் பிரதிபலிக்கும். அதனால்தான் படத்தில் குளிர்ந்ததாகத் தெரிகிறது.

இன்னொன்று. நீ எடுத்தாண்ட ஆயத்தப் படம் உமிழ்திறனை ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் 2000–2008 பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு வந்த கூரைக்கு, அங்கே முன்பிருந்த புஞ்சை மண்ணின் எண்தான் அடிப்படை. சூளகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் அப்படி எழும்பிய ஷெட்டுகளை நீயே அறிவாய்.

பாகலூர், தளி ரோஜாத் தோட்டங்களிலும் எச்சரிக்கையாக இரு. என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு அங்கே செடியோடு அதை மூடிய பாலித்தீனையும் சேர்த்தே படிக்கிறது. கிருஷ்ணகிரியோடு ஒப்பிடும்போது உயரத்தையும் கழித்துக்கொள்: ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் மேலே இருக்கிறது. அதிலேயே இரண்டரை டிகிரி போய்விடும்.

ஆகவே, செயற்கைக்கோள் கடக்கும் காலை பத்தரை மணியையொட்டி ஓர் ஆலைக்குப் போ. அனுமதி கேட்டுப் போ. ஷீட்டின் மேல் கால் வைக்காதே, தாங்காமல் போகலாம். ஏணியில் நின்று, தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிச் சில நிமிடம் விடு. வெப்பமானித் துப்பாக்கியை டேப்பின் மேல் ஒருமுறை, வெறும் தகட்டில் ஒருமுறை பிடி. துப்பாக்கியும் அகச்சிவப்பைத்தான் படிக்கிறது. இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உன் படத்தில் காணாமல் போன சூடு. அந்தச் சூட்டுக்கு அடியில் ஷிப்டு முழுக்க ஆட்கள் நின்று வேலை பார்க்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கே மரம் வைப்பது, எந்தக் கூரைக்கு வெள்ளையடிப்பது என்று மாநகராட்சியில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால், அந்த நீலம் தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

பெயின்ட் அடித்த கூரைகளைத் தனியாகப் பிரி. அவற்றின் உமிழ்திறன் 0.9ஐ ஒட்டி வரும். திருத்த முடியாதவற்றைச் சாம்பல் நிறத்தால் மூடி, ‘நம்பத்தக்க அளவு இல்லை’ என்று எழுது. மாநகராட்சிக்குப் போகும் பிரதியிலும் அந்தச் சாம்பல் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்